கணைய ஆபரேஷனுக்கு பெயர் தந்த டாக்டர்: யார் இந்த ஆலன் விப்பிள்? ஒரு தையல் நூல் கற்றுக்கொடுத்த பாடம்!

ஆப்பிள் நிறுவனர் ஸ்டீவ் ஜாப்ஸுக்கு கணையத்தில் இருந்த கட்டிக்காக 2004-ல் செய்யப்பட்டது விப்பிள் முறை ஆபரேஷன்தான். கணையத்தின் தலைப்பகுதியில் புற்றுநோய் என்றால் இன்றைக்கும் டாக்டர்கள் முதலில் பேசுவது இந்த ஆபரேஷனைப் பற்றித்தான். அந்தப் பெயருக்கு சொந்தக்காரர் யார்?

ஈரானில் பிறந்த அமெரிக்கர்

ஆலன் ஓல்ட்ஃபாதர் விப்பிள் 1881-ல் பாரசீகத்தின் (இன்றைய ஈரான்) உர்மியா நகரில் பிறந்தார். பெற்றோர் அமெரிக்க மிஷனரிகள். பிரின்ஸ்டனில் பட்டம் முடித்து, 1908-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டாக்டரானார். 1921-ல் அங்கேயே அறுவை சிகிச்சைப் பேராசிரியர். நியூயார்க்கின் பிரெஸ்பிடேரியன் மருத்துவமனையில் 25 ஆண்டுகள் அறுவை சிகிச்சைப் பிரிவை வழிநடத்தினார்.

கணையம் என்றால் ஏன் பயம்?

கணையம் இரைப்பைக்குப் பின்னால், வயிற்றின் ஆழத்தில் இருக்கிறது. அது சுரக்கும் நீர், நாம் சாப்பிடும் இறைச்சியையும் கொழுப்பையும் செரிக்க வைக்கும். அந்த நீர் குடலுக்குள் போகாமல் வெளியே கசிந்தால், உடலின் சொந்தத் திசுவையே அரிக்கத் தொடங்கிவிடும். அதனால்தான் அந்தக் காலத்தில் கணையத்தில் கை வைக்கவே சர்ஜன்கள் தயங்கினார்கள்.

முதல் நோயாளி ஏன் இறந்தார்?

பித்த நாளமும் கணைய நாளமும் முன்சிறுகுடலில் வந்து சேரும் இடத்தில் புற்றுநோய் வந்தவர்களுக்கு விப்பிள் குழு ஆபரேஷன் செய்தது. முதல் நோயாளி இரண்டு நாள்கூட தாங்கவில்லை. உள்ளே போட்ட தையல் பிரிந்துவிட்டது.

காரணம் என்ன தெரியுமா? தைக்கப் பயன்படுத்திய 'கேட்கட்' நூல். ஆட்டுக்குடல் போன்ற விலங்குத் திசுவில் இருந்து தயாராகும் நூல் அது. இறைச்சியை செரிக்கும் கணைய நீர், அந்த நூலையும் செரித்துவிட்டது!

விப்பிள் பட்டு நூலுக்கு மாறினார். அடுத்த நோயாளி சில மாதங்கள் வாழ்ந்தார். மூன்றாவது நோயாளி சுமார் 2 ஆண்டுகள் வாழ்ந்தார். 1935-ல் இந்த மூன்று பேரின் விவரத்தையும், முதல் மரணத்தை மறைக்காமல், குழு வெளியிட்டது. அதைப் படித்த மற்ற சர்ஜன்களுக்கு அதே தப்பை மறுபடி செய்ய வேண்டிய அவசியம் இல்லாமல் போனது.

ஒன்றை சொல்லியாக வேண்டும். இந்த வகை ஆபரேஷனை முதலில் செய்தவர் விப்பிள் இல்லை. ஜெர்மனியின் வால்தர் காவ்ஷ் 1909-லேயே வெற்றிகரமாக செய்திருந்தார். ஆனால் அதை மேம்படுத்தி, பரவலாக்கியவர் விப்பிள்தான்.

இரண்டு ஆபரேஷன் ஒன்றானது எப்படி?

பித்தம் குடலுக்குப் போகாமல் அடைபட்டால் மஞ்சள் காமாலை வரும். வைட்டமின் கே உடலில் சேராது. ரத்தம் உறையாது. அதனால் முதலில் பித்தத்துக்கு மாற்றுவழி அமைத்து, சில வாரங்கள் கழித்துத்தான் கட்டியை எடுப்பார்கள்.

1940-ல் இரைப்பைப் புற்றுநோய் என்று நினைத்து ஒரு நோயாளியின் வயிற்றைத் திறந்தார் விப்பிள். கட்டி இருந்ததோ கணையத்தின் தலையில். காமாலை இல்லாத நோயாளி என்பதால், முழு ஆபரேஷனையும் ஒரே கட்டத்தில் முடித்தார். அதே காலகட்டத்தில் வைட்டமின் கே மருந்தாகக் கிடைக்கத் தொடங்கியதால், காமாலை உள்ளவர்களுக்கும் இது சாத்தியமானது.

கத்தி எடுக்கும் முன் 3 கேள்விகள்

கணையத்தில் வரும் சில கட்டிகள் இன்சுலினை அளவுக்கு மீறி சுரக்கும். சர்க்கரை இறங்கி வியர்வை, நடுக்கம், மயக்கம் வரும். ஆனால் மயக்கம் வருகிற எல்லோருக்கும் கட்டி இருக்காது இல்லையா? தேவையில்லாமல் வயிற்றைத் திறக்கக் கூடாது என்பதற்காக விப்பிள் 3 நிபந்தனைகள் வைத்தார்.

* பட்டினி இருக்கும்போது அறிகுறி வருகிறதா?
* அந்த நேரத்தில் ரத்த சர்க்கரை 50-க்கும் கீழே இருக்கிறதா?
* குளுக்கோஸ் கொடுத்ததும் சரியாகிறதா?

மூன்றுக்கும் 'ஆம்' என்றால்தான் அடுத்த கட்டம். மருத்துவ மாணவர்கள் இன்றும் இதை 'விப்பிள் முக்கூறு' என்று படிக்கிறார்கள்.

பெயர்க் குழப்பம் வேண்டாம்

'விப்பிள் நோய்' என்று ஒரு குடல் நோய் உண்டு. அது இவர் பெயரில் வந்தது அல்ல. அதை 1907-ல் விவரித்தவர், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் விப்பிள்.

இன்று நிலைமை என்ன?

விப்பிள் தன் வாழ்நாளில் இந்த ஆபரேஷனை செய்தது 37 முறைதான். 1963-ல் காலமானார். 1970-கள் வரைகூட இதை செய்துகொண்டவர்களில் சுமார் நான்கில் ஒருவர் மருத்துவமனையிலேயே உயிரிழந்தார்கள். இன்று அனுபவம் மிக்க மருத்துவமனைகளில் அந்த எண்ணிக்கை 5 சதவிகிதத்துக்கும் கீழே.

ஆனாலும் கட்டி பரவும் முன் கண்டுபிடித்தால்தான் இந்த ஆபரேஷன் பலன் தரும். வலியே இல்லாமல் கண் மஞ்சளானால், எடை குறைந்தால், அது கல்லீரல் பிரச்சனைதான் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். கணையமாகவும் இருக்கலாம். உடனே டாக்டரைப் பாருங்கள்.