கண்டியில் கோப்புகள், பாரிஸில் சட்டிகள்: ஜூலியா சைல்ட்

1944ஆம் ஆண்டு, இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், அமெரிக்க உளவுத்துறையின் கண்டி அலுவலகத்தில் ஆறடி இரண்டு அங்குல உயரமான ஒரு பெண் வேலை செய்தார். இரகசியக் கோப்புகளைப் பதிந்து பேணுவது அவரது பொறுப்பு. சமையல் அவருக்குத் தெரியாது. பின்னாளில் பிரெஞ்சுச் சமையலை அமெரிக்க வீடுகளுக்குள் கொண்டுசென்ற ஜூலியா சைல்ட் அவர்தான்.

1912இல் கலிபோர்னியாவின் பசடீனாவில், சமையலுக்கு ஆள் வைத்திருந்த வசதியான குடும்பத்தில் பிறந்தவர். இலங்கையில் சந்தித்த போல் சைல்டை 1946இல் மணந்தார். கணவரின் உத்தியோகம் காரணமாக 1948இல் பிரான்சுக்குச் சென்றார். போய் இறங்கிய அன்றே, ருவான் நகரில் வெண்ணெயில் பொரித்த மீனை உண்டார். அந்த ஒரு சாப்பாடே அவரைச் சமையலின் பக்கம் திருப்பியது. 37ஆவது வயதில் பாரிஸின் கோர்டன் புளூ சமையற் பள்ளியில் சேர்ந்தார்.

1951இல் அங்கு இறுதிப் பரீட்சையில் சித்தியடையவில்லை. கடினமான உணவுகளையெல்லாம் பழகியவர், பள்ளியின் கையேட்டிலிருந்த எளிய பாடங்களை மனனம் செய்யாமல் போயிருந்தார். மறுபடி தோற்றிச் சித்தியடைந்தார்.

பின்னர் பிரெஞ்சுத் தோழியர் இருவருடன் சேர்ந்து, ஒவ்வொரு குறிப்பையும் தன் வீட்டு அடுப்பிலேயே திரும்பத் திரும்பச் சோதித்து ஒரு பெருநூல் எழுதினார். ஒரு பதிப்பகம் அதை ஏற்க மறுத்தது. 1961இல் வேறொரு பதிப்பகம் வெளியிட்டபோது அவருக்கு வயது 49.

செய்முறையோடு காரணத்தையும் சொன்னது அந்நூலின் சிறப்பு. சிவப்பு வைனில் மாட்டிறைச்சியை மெல்ல வேகவைக்கும் பூஃப் பூர்கின்யோனுக்கு, முதலில் இறைச்சியின் ஈரத்தை ஒற்றியெடுக்க வேண்டும். ஈரமிருந்தால் அது பொன்னிறமாகச் சிவக்காது. காளானைச் சட்டியில் நெருக்கிப் போடக்கூடாது. போட்டால் வதங்காமல் நீர்விட்டு அவியும்.

1963இல் அதே இறைச்சிக் குழம்புடன் பொஸ்டன் தொலைக்காட்சியில் அவரது நிகழ்ச்சி ஆரம்பமானது. ஒருமுறை உருளைக்கிழங்கு அடையைத் திருப்பிப் போடும்போது அது சிதறியது. கமராவின் முன்னாலேயே துண்டுகளைப் பொறுக்கிச் சட்டியில் போட்டுத் தொடர்ந்தார். 1968இல் மார்பகப் புற்றுநோய்க்காகச் சத்திரசிகிச்சை செய்துகொண்டார்; அதன் பின்னரும் பல ஆண்டுகள் எழுதினார், கற்பித்தார்.

2004 ஆகஸ்ட் 13இல், 92ஆவது பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்னதாகக் காலமானார். அவரது சமையலறை இன்று வாஷிங்டன் அருங்காட்சியகமொன்றில் இருக்கிறது.

பள்ளிக்காலத்தில் ஒரு பரீட்சை தவறியதை இன்றும் மனதில் சுமக்கும் தோழிகளை நான் அறிவேன். அவர்களுக்காகவே இவரது கதையை இம்மலரில் எழுதினேன்.