மன்னர் கேட்ட பாட்டும் புலவர் பாடிய பாட்டும்

தஞ்சை மன்னர் சரபோஜி தம் அரண்மனைப் புலவரிடம் ஒரு பாட்டுக் கேட்டார். தாம் கும்பிடும் தெய்வத்தின் மேல் அந்தப் பாட்டு இருக்கவேண்டும் என்று விரும்பினார்.

புலவர் திகைத்தார்.

கேட்டவர் சோறு போடும் மன்னர். சிறு வயதுத் தோழரும்கூட. புலவரோ கிறிஸ்தவர். அவருடைய பெயர் வேதநாயகம் சாஸ்திரியார்.

("பிரதாப முதலியார் சரித்திரம்" எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை வேறு, இவர் வேறு. அவர் பிறந்தபோது இவருக்கு வயது 52.)

அருணாசலம் பிள்ளையின் மகன்

வேங்கிக்காலில் நின்றால் எதிரே திருவண்ணாமலை மலை தெரியும். அந்த அருணாசலத்தின் பெயரைத்தான் சாஸ்திரியாரின் தந்தைக்கு வைத்திருந்தார்கள். அவர் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த சைவ வேளாளர். பிறகு அவர் கிறிஸ்தவரானார். அருணாசலம் பிள்ளை, தேவசகாயம் பிள்ளை ஆனார்.

1774-ம் ஆண்டு செப்டம்பர் 7-ந் தேதி அவருக்கு மகன் பிறந்தான்.

பையனுக்குப் பதினொரு வயது இருக்கும்போது, 1785-ம் ஆண்டில், சுவார்ட்ஸ் பாதிரியார் திருநெல்வேலிக்கு வந்தார். அவர் ஜெர்மன்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார். தஞ்சை அரண்மனையில் அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு. பையனின் புத்திக் கூர்மை அவருக்குப் பிடித்துவிட்டது. தந்தையிடம் கேட்டு, அவனைத் தஞ்சைக்கு அழைத்துச் சென்று படிக்க வைத்தார்.

ஒரே குருவின் இரு மாணவர்கள்

தஞ்சையை ஆண்ட துளஜா மன்னருக்கு வாரிசு இல்லை. 1787-ம் ஆண்டு, சாகும் தறுவாயில், சரபோஜி என்ற சிறுவனைத் தத்து எடுத்தார். அவனைக் காக்கும்படி சுவார்ட்சைக் கேட்டுக்கொண்டு கண்ணை மூடினார்.

அமர்சிங் பட்டத்துக்கு வந்தார். தத்துப்பிள்ளையின் பாடு திண்டாட்டம் ஆயிற்று. அப்போது அவனுக்கு அரணாக நின்றவர் பாதிரியார்தான். படிப்பும் சொல்லிக் கொடுத்தார். வேதநாயகம் மூன்று வயது மூத்தவர். இருவருக்கும் குரு ஒருவரே.

1798 பிப்ரவரியில் சுவார்ட்ஸ் இறந்தார். அதே ஆண்டு சரபோஜி மன்னர் ஆனார். குருவை அவர் மறக்கவில்லை. பிளாக்ஸ்மன் என்ற ஆங்கிலச் சிற்பியைக் கொண்டு பளிங்கில் ஒரு நினைவுச் சிற்பம் செய்வித்தார். தஞ்சை சிவகங்கைப் பூங்காவில் உள்ள சுவார்ட்ஸ் தேவாலயத்தில் அதை இன்றும் பார்க்கலாம். படுக்கையில் பாதிரியார் கிடக்கிறார். அருகில் சரபோஜி நிற்கிறார்.

மன்னர் கடைசிவரை இந்துவாகவே இருந்தார். குருவின் மீது வைத்த அன்புக்கு அது குறுக்கே வரவில்லை. புலவரிடம் பாட்டுக் கேட்டபோதும் அவரைச் சோதிக்கும் எண்ணம் மன்னருக்கு இருந்திருக்காது. நல்ல புலவர் நம் சாமியையும் பாடட்டுமே என்ற ஆசைதான்.

கும்மியும் குறவஞ்சியும்

அந்தக் காலத்தில் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தேவாலயத்தில் ஜெர்மன் மெட்டுகளில் பாடினார்கள். சொல் தமிழ், ராகம் அயல்நாட்டு ராகம். தமிழ்க் காதுக்கு அது எப்படி ஒட்டும்?

சாஸ்திரியார் கீர்த்தனைகள் எழுதினார். பெண்கள் அடிக்கும் கும்மியிலும், ஏற்றம் இறைப்பவர் பாட்டிலும் ஏசுவின் கதையைப் பாடினார். 1800-ம் ஆண்டையொட்டி "பெத்லகேம் குறவஞ்சி" பிறந்தது. தலைவி, பாங்கி, குறி சொல்லும் குறத்தி எல்லோரும் அதில் உண்டு. தலைவியின் பெயர் தேவமோகினி. அவள் காதல் கொண்ட தலைவன் ஏசு. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற புதுப் பாடத்தைக்கூட அந்தக் குறவஞ்சிக்குள் புகுத்திவிட்டார்!

போன வேலையும் கிடைத்த வேலையும்

1829-ம் ஆண்டு சாஸ்திரியாருக்குச் சோதனையான ஆண்டு. புதிதாக வந்த பாதிரிமார்களுக்கும் அவருக்கும் தகராறு முற்றியது. தேவாலயத்தில் சாதி பார்க்கக் கூடாது என்றார்கள் அவர்கள். வேளாளக் கிறிஸ்தவர்களுக்காக வாதாடினார் இவர். தமிழ்ப் பாட்டு, திருவிழா வழக்கங்கள் பற்றியும் சண்டை. பாட்டு விஷயத்தில் நியாயம் சாஸ்திரியார் பக்கம் இருந்தது. சாதி விஷயத்தில் இல்லை. ஏசுவை அவ்வளவு உருகிப் பாடிய கவிஞர் அதில் சறுக்கிவிட்டார்.

மிஷன் வேலை போயிற்று. அப்போது கைகொடுத்தவர் பழைய தோழர். சரபோஜி அவரை அரண்மனைப் புலவர் ஆக்கினார்.

அந்த மன்னரா கேட்கிறார்? எப்படி மறுப்பது?

மனதுக்குச் சொன்ன பதில்

புலவர் கலங்கிய மனதோடு வீடு திரும்பினார் என்றும், அப்போது பிறந்ததே "இயேசுவையே துதிசெய்" என்ற கீர்த்தனை என்றும் தமிழ்க் கிறிஸ்தவர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். தமிழ்நாட்டில் இந்தப் பாட்டுக் கேட்காத தேவாலயம் அபூர்வம்.

அந்தப் பாட்டில் மன்னரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மன்னரின் தெய்வத்தைப் பற்றியும் இல்லை. இதே சாஸ்திரியார் "சாஸ்திரக் கும்மி"யில் மூட வழக்கங்களைச் சாடு சாடு என்று சாடியவர். இங்கே அந்தச் சாட்டையைக் கையில் எடுக்கவே இல்லை.

பாட்டு யாரைப் பார்த்துப் பேசுகிறது? தம் சொந்த மனதைப் பார்த்து. நெஞ்சைக் கூப்பிட்டு நல்வழி சொல்வது பட்டினத்தாரும் தாயுமானவரும் கையாண்ட பழைய தமிழ் வழி. ஆட வேண்டியது மன்னர் அல்ல, அடங்க வேண்டியது தம் மனம்தான் என்று புலவர் அறிந்திருந்தார். சோறு போன பயம் ஒரு பக்கம், தோழரின் முகம் ஒரு பக்கம் என்று அலையும் மனதை, ஒரே இடத்தில் நில் என்று கட்டிப் போடுகிறார்.

கடவுள் குற்றமற்றவர், வானையும் பூமியையும் தந்தவர் என்று பாட்டு வளருகிறது. அவரைத் துதித்தால் நினைத்த காரியம் கைகூடும், இங்கும் வாழலாம், அங்கும் வாழலாம் என்று முடிகிறது. மன்னர் கொடுக்கக்கூடியது இங்கே வாழும் வாழ்வு மட்டும்தானே!

மன்னர் கோபிக்கவில்லை என்று சொல்லுகிறார்கள். 1832-ம் ஆண்டு சரபோஜி காலமானார்.

1853-ம் ஆண்டில் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வெப் பாதிரியார், சாஸ்திரியாரிடம் பாட்டுகளைக் கேட்டு வாங்கிப் புத்தகமாக வெளியிட்டார். எந்தத் தமிழ்ப் பாட்டுக்காகச் சாஸ்திரியார் சண்டை போட்டாரோ, அதே பாட்டைப் பாதிரிமார்களே ஊர் ஊராகக் கொண்டு போனார்கள். அப்போது அவருக்கு வயது எண்பதை நெருங்கியது. 1864-ம் ஆண்டு ஜனவரி 24-ந் தேதி, தமது 89-வது வயதில், சாஸ்திரியார் மறைந்தார்.