வைத்தியர் ஹானிமன்

நோயைத் தீர்ப்பவன் வைத்தியன். நோயோடு வேதனையையும் கூட்டிக் கொடுப்பவனை என்னென்று சொல்வது? இவ்வினா உள்ளத்தை உறுத்தவே, தம் பிழைப்பையே துறந்த ஒருவர் ஜேர்மனி தேசத்தில் வாழ்ந்தார். அவரே ஹோமியோபதி வைத்திய முறையின் தந்தையாகிய சாமுவேல் ஹானிமன்.

1755ஆம் ஆண்டு ஏப்ரில் 10ஆந் திகதி, சாக்சனி நாட்டு மைசென் நகரிலே பிறந்தார். தந்தையார் பீங்கான் பாண்டங்களிற் சித்திரந் தீட்டுபவர். பன்மொழி கற்ற ஹானிமன், மொழி பயிற்றியும் நூல்களை மொழிபெயர்த்தும் பொருளீட்டி மருத்துவம் பயின்றார். 1779இல் ஏர்லாங்கன் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்றார்.

அக்காலத்து வைத்தியர்கள் நோயாளியின் இரத்தத்தை வெளியேற்றுவர். கடும் பேதி கொடுப்பர். இரசம் முதலிய நஞ்சுகளையும் மருந்தென அளிப்பர். தம் கையால் நோயாளர் நலிவதைக் காணச் சகியாத ஹானிமன் வைத்தியத்தைக் கைவிட்டார். மனைவி மக்கள் வறுமையில் வாட, மொழிபெயர்ப்பினாலே சீவனம் நடத்தினார்.

1790இல் கலன் என்னும் ஸ்கொத்லாந்து மருத்துவரின் நூலை மொழிபெயர்க்குங்கால் அவருக்குப் புதுவழி தோன்றிற்று. சிங்கோனாப் பட்டை குளிர்காய்ச்சலைத் தீர்ப்பதற்கு அந்நூல் கூறிய காரணம் அவருக்கு உடன்பாடன்று. நலமாயிருந்த தாமே அப்பட்டையை உண்டார். காய்ச்சலின் குறிகள் தம்மிடந் தோன்றக் கண்டார். நலமுள்ளவனிடம் ஒரு பொருள் எக்குறிகளை விளைக்குமோ, அக்குறிகளையுடைய நோயை அப்பொருளே தீர்க்கும் என்பது அவர் கொண்ட துணிபு. 1796இல் இதனை வெளியிட்டார். 1810இல் 'ஓர்கனன்' என்னும் நூலில் விரித்துரைத்தார். மருந்தை நூறில் ஒரு பங்காக மீண்டும் மீண்டும் கரைத்துக் குலுக்கினால் அதன் ஆற்றல் பெருகும் என்றார். பிற்காலத்தில் மலர்களிலிருந்து மருந்து வடித்த ஆங்கில மருத்துவர் எட்வர்ட் பாக் (1886-1936) என்பவரும் ஹோமியோபதி வைத்தியசாலையிலே பணியாற்றியவரே.

ஹானிமன் தம் மருந்தைத் தாமே கொடுத்ததை லைப்சிக் நகரத்து மருந்து வணிகர்கள் எதிர்த்தனர். 1821இல் அந்நகரை விட்டு நீங்கினார். முதல் மனைவி இறந்தபின், 1835இல் பிரெஞ்சு மாது ஒருவரை மணந்து பரிஸ் நகர் சென்றார். அங்கே 1843 யூலை 2ஆந் திகதி, 88ஆம் வயதிற் காலமானார்.

இன்றைய விஞ்ஞானம் அவர் கொள்கையை ஏற்கவில்லை. 12 முறை அவ்வாறு கரைத்தால் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறு எஞ்சுதலும் அரிது. 2015இல் அவுஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம், எந்நோய்க்கும் இம்முறை பயன்படுமென்பதற்கு நம்பத்தக்க சான்றில்லை என முடிவு செய்தது. கடும் நோயுற்றோர் தக்க சிகிச்சையை விடுத்து இதனை நம்புதல் ஆபத்து.

ஆயினும், வாலிபர்களே, இரத்தம் வடித்தலைக் கண்டித்ததில் அவர் தவறவில்லை. பிறர்க்கு ஊறு செய்து உண்ணும் உணவு வேண்டாமென்று பசித்திருந்த மனச்சாட்சியை அவரிடம் கற்போம். சோதனை ஒன்றினாலே உண்மை முற்றும் விளங்கிவிடாது என்பதையும் அவர் வாழ்விலிருந்தே கற்போமாக.