சூத்திரத்துக்குப் பின்னால் ஒரு மனிதர்: ஹென்றி டார்சி



சந்திப்பு விழா மலருக்கு என் தொழில் அனுபவத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டார்கள். என் அனுபவத்தில் அப்படி என்ன பெரிசாக இருக்கிறது? முப்பத்தைந்து வருஷம் சேற்றையும் குழம்பையும் வடிகட்டியே காலத்தை ஓட்டியவன் நான். ஃபில்டர் பிரஸ், சுழலும் டிரம் ஃபில்டர், வடிதுணி, மூட்டைப் பொடி, இவைதான் என் உலகம். ஆனால் அந்த உலகத்துக்கு ஆதாரமான ஒரு கணக்கைப் போட்டுத் தந்த ஒரு மனிதரைப் பற்றி எழுதலாமே என்று தோன்றிற்று. அவர் பெயர் ஹென்றி டார்சி. நம் கல்லூரியில் வேதிப் பொறியியலோ கட்டடப் பொறியியலோ படித்த எல்லாரும் அந்தப் பெயரைத் தேர்வுத்தாளில் எழுதியிருப்போம். அவர் யார், எந்த ஊர் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? உண்மையைச் சொன்னால், நானும் 1979-ல் பட்டம் வாங்கும்வரை கேட்கவில்லை. என்னைக் கேட்க வைத்தது ஒரு தொழிற்சாலைத் தவறு.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம் அது. நிறமிக் குழம்பை ஃபில்டர் பிரஸ்ஸில் வடிகட்டும் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. ஒரு பேட்ச் முடிய நேரமாகிறது என்று மேலிடத்தில் முணுமுணுப்பு. நான் என்ன செய்தேன்? பம்பின் அழுத்தத்தை ஏற்றினேன். அழுத்தினால் வேகமாக வடியும், அவ்வளவுதானே என்ற நினைப்பு. முதல் பத்து நிமிஷம் தண்ணீர் பீச்சியடித்தது. அப்புறம் சொட்டுச் சொட்டாகி நின்றேபோனது. பிரஸ்ஸைத் திறந்து பார்த்தால் துணியெல்லாம் அடைத்துக்கொண்டு, கேக் வழவழவென்று ஒட்டிக் கிடக்கிறது. அங்கே இருபது வருஷம் வேலை பார்த்த மேஸ்திரி என்னைத் திட்டவில்லை. ரொம்ப அழுத்தினால் அதுவே கதவைச் சாத்திக்கொள்ளும் சார் என்று மட்டும் சொல்லிவிட்டுத் துணியைக் கழுவப் போய்விட்டார். அன்று இரவுதான் பழைய பாடப்புத்தகத்தை மறுபடி திறந்தேன். டார்சி என்ற பெயரைத் தேடிப் படிக்க ஆரம்பித்ததும் அப்போதுதான்.

டார்சி 1803-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் தேதி பிரான்ஸ் நாட்டின் டிஜோன் நகரில் பிறந்தார். பதினான்கு வயதில் தந்தையை இழந்தார். தாயார் மனம் தளராமல் மகனைப் படிக்க வைத்தார். 1821-ல் பாரீஸின் எக்கோல் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. அதன்பின் 1823-ல் பாலங்கள், சாலைகளுக்கான அரசுப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தார். படிப்பை முடித்ததும் சொந்த ஊருக்கே அரசுப் பொறியாளராகத் திரும்பி வந்தார்.

அப்போது டிஜோன் நகரம் நல்ல தண்ணீருக்குத் தவித்துக்கொண்டிருந்தது. ஊர்க் கிணறுகளில் அழுக்கு ஊறியிருந்தது. ஊர் வழியே ஓடிய சிற்றாறு சாக்கடையாகிவிட்டிருந்தது. ஊருக்குள் ஆழ்கிணறு துளைத்துப் பார்த்தும் வேண்டிய அளவு கிடைக்கவில்லை. தண்ணீர்க் கஷ்டம் எப்படியிருக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லவும் வேண்டுமோ? குடத்தோடு வரிசையில் நின்றவர்களின் பிள்ளைகள்தானே நாம்!

ஊருக்கு வெளியே ரோசுவார் என்றொரு பெரிய ஊற்று இருந்தது. அதை ஊருக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று டார்சி கணக்குப் போட்டார். 1834-ல் திட்டம் தயார். பல படி ஒப்புதல்கள் தாண்டி வேலை தொடங்கவே 1839 ஆகிவிட்டது. தொடங்கிய பிறகோ மின்னல் வேகம். 12.7 கிலோமீட்டர் நீளத்துக்கு மூடிய கால்வாய் கட்டி, 1840 செப்டம்பர் 6-ஆம் தேதி நகர வாசலில் இருந்த தேக்கத் தொட்டிக்குத் தண்ணீர் வந்து சேர்ந்தது. பம்பு கிடையாது, எல்லாம் பூமியின் ஈர்ப்பு விசைதான். அங்கிருந்து தெருத்தெருவாகக் குழாய் பதித்து, பொதுக் குழாய்களை நிறுத்தினார். ஏழை வீட்டுக்காரர்களும் பக்கத்துத் தெருமுனையிலேயே குடத்தை நிரப்பிக்கொள்ளலாம்.

இவ்வளவுக்கும் அவருக்குச் சட்டப்படி சேர வேண்டிய கட்டணம் ஒரு பெருந்தொகை. அதை வேண்டாம் என்று மறுத்துவிட்டார். சொந்த ஊருக்குச் செய்ததற்குக் கூலியா என்று நினைத்தார் போலும். நகரசபை ஒரு தங்கப் பதக்கம் கொடுத்தது. அவர் வீட்டுக்கு ஆயுள் முழுக்கத் தண்ணீர் இலவசம் என்றும் தீர்மானித்தது. பாரீஸ்-லியோன் ரயில் பாதை டிஜோன் வழியாக வரப் பாடுபட்டவர்களிலும் அவர் ஒருவர். அந்தப் பாதைக்காக பிளேசி மலையில் குடைந்த சுரங்கம் சுமார் நான்கு கிலோமீட்டர் நீளம்.

இப்படி ஊருக்கு உழைத்தவரையும் அரசியல் விடவில்லை. 1848-ல் பிரான்ஸில் புரட்சி வந்தது. புதிய ஆட்சி அவரை டிஜோனை விட்டு மாற்றியது. போர்ஜ் என்ற ஊருக்குப் போனார். அதே ஆண்டில் பாரீஸின் தண்ணீர், சாலைப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். அங்கே போயும் அவர் சும்மா இருக்கவில்லை. பழைய குழாய், புதுக் குழாய், பல விட்டம், பல பொருள் என்று வைத்து, எந்தக் குழாயில் எவ்வளவு அழுத்தம் வீணாகிறது என்று அளந்தார். குழாய் உராய்வுக் கணக்கில் வைஸ்பாக் பெயரோடு இவர் பெயரும் ஒட்டிக்கொண்டிருப்பது அதனால்தான்.

இதற்குள் உடம்பு கெட்டுவிட்டது. 1855-ல் அலுவல் பொறுப்புகளிலிருந்து விடுபட்டு டிஜோனுக்குத் திரும்பினார். வயது ஐம்பத்திரண்டு. ஊருக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாகிவிட்டது, பேர் கிடைத்தாகிவிட்டது. ஓய்வெடுத்திருக்கலாம். அவர் மனதில் ஒரு பாக்கி இருந்தது.

ரோசுவார் ஊற்று நீர் தெளிவானது; டிஜோனுக்கு வடிகட்டி தேவைப்படவில்லை. ஆனால் ஆற்றுநீரைக் குடிக்கும் ஊர்களுக்கு மணல் வடிகட்டி வேண்டும். எத்தனை பரப்பு, எத்தனை கனம் மணல் போட்டால் எத்தனை நீர் வரும் என்பதற்கு அன்று ஒழுங்கான கணக்கு இல்லை. அவரவர் அனுபவத்துக்குத் தோன்றியபடி கட்டினார்கள். அதை அளந்து பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினார் டார்சி.

டிஜோன் மருத்துவமனையில் 3.5 மீட்டர் உயரமும் 0.35 மீட்டர் விட்டமும் உள்ள இரும்பு உருளை ஒன்றை நிறுத்தினார். சோன் ஆற்று மணலைக் கொண்டுவந்தார். மணலுக்குள் காற்று தங்கக்கூடாது என்பதற்காக, உருளையில் தண்ணீரை நிரப்பிய பிறகே மணலை இட்டார்கள். மேலும் கீழும் அழுத்தம் பார்க்கப் பாதரச மானோமீட்டர்கள். 1855 அக்டோபர் இறுதியில் சோதனை தொடங்கியது. மணலின் உயரம் அரை மீட்டருக்குச் சற்று மேலிருந்து 1.7 மீட்டர் வரை மாறியது. 1856 பிப்ரவரியில் இன்னொரு சுற்றை ரிட்டர் என்ற பொறியாளர் நடத்தினார்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. மருத்துவமனையில் யாராவது குழாயைத் திறந்தால் போதும், மானோமீட்டரில் பாதரசம் ஆடும். அந்த ஆட்டத்தை அவர் மறைக்கவில்லை. அளவுகளை அட்டவணை போட்டு, இத்தனை ஆட்டம் இருந்தது, காரணம் இது என்று அதையும் எழுதி அச்சிட்டார். நம் ஆய்வகப் பதிவேட்டில் கோடு நேராக வரவேண்டும் என்பதற்காக நாம் செய்த தில்லுமுல்லுகளை நினைத்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தது.

கிடைத்த விதி எளியது. மணல் வழியே ஓடும் நீர், படுகையின் பரப்புக்கும் மேல்-கீழ் நீர்மட்ட வித்தியாசத்துக்கும் நேர் விகிதம். படுகையின் கனத்துக்கு எதிர் விகிதம். மணலுக்கு மணல் மாறும் ஒரு மாறிலி, அவ்வளவே. டிஜோன் நீர் வழங்கலைப் பற்றி 1856-ல் வெளியிட்ட பெரிய நூலின் பிற்சேர்க்கையில் ஒரு குறிப்பாக இதை வைத்தார். உலகம் இன்று அந்தக் குறிப்புக்காகவே அவரை நினைக்கிறது. நிலத்தடி நீர், எண்ணெய்க் கிணறு, ஃபில்டர் பிரஸ் எல்லாவற்றுக்கும் அதுதான் அடிப்படை.

1858 ஜனவரி 3-ஆம் தேதி, பாரீஸ் சென்றிருந்தபோது நிமோனியா கண்டு காலமானார். வயது ஐம்பத்து நான்கு. அவர் தண்ணீர் கொண்டுவந்து சேர்த்த இடத்தருகே உள்ள சதுக்கத்துக்கு ஊரார் அவர் பெயரையே வைத்தார்கள். இன்றும் டிஜோனில் அது டார்சி சதுக்கம்தான்.

இனி என் கதைக்கு வருகிறேன். டார்சியின் மணல் அசையாதது, கனம் மாறாதது. என் பிரஸ்ஸில் இருந்த கேக் அப்படியில்லை. ஒவ்வொரு நிமிஷமும் கனத்துக்கொண்டே போகிறது. அழுத்தினால் நசுங்கி வழியை அடைக்கிறது. அதனால்தான் நான் ஏற்றிய அழுத்தம் எனக்கே எதிரியாயிற்று. 1930-களில் ரூத் போன்றவர்கள் டார்சி விதியை இந்த வளரும் கேக்குக்குப் பொருத்திக் காட்டினார்கள். அதன்படி, துணியின் தடையைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், கேக்கின் கனம் இரட்டிப்பாக நேரம் நான்கு மடங்காகும். ஆகவே பிரஸ்ஸை வழிய வழிய நிரப்பாமல், மெல்லிய கேக்கோடு நிறுத்தி, அடிக்கடி திறந்து கழுவினோம். குறைந்த அழுத்தத்தில் தொடங்கினோம். துணியின் மேல் டயட்டமைட் பொடியைப் பூசி, குழம்பிலும் கொஞ்சம் கலந்தோம். நேரம் நன்றாகக் குறைந்தது. எனக்குப் பாராட்டும் கிடைத்தது.

ஆனால் அந்தப் பொடி மூட்டை மூட்டையாக வந்தது. கத்தியால் கிழித்துத் தொட்டியில் கொட்டும்போது வெள்ளைப் புகை போலத் தூசி எழும். மேஸ்திரியும் இரண்டு ஆட்களும் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு கொட்டுவார்கள். சுட்டுப் பதப்படுத்திய டயட்டமைட்டில் படிகச் சிலிக்கா இருக்கும், அது நுரையீரலைத் தின்னும் என்பது புத்தகத்தில் இருந்தது. வடியும் நேரத்தை நிமிஷக் கணக்கில் அளந்த நான், அந்தத் தூசியை அளக்கவேயில்லை. மேஸ்திரி இருமுவதைக் கேட்டுக்கொண்டே இரண்டு வருஷம் கையெழுத்துப் போட்டேன். இன்றும் அது என் மனதைக் குத்துகிறது.

பிறகுதான் போராடி, மூட்டை பிரிக்கும் கூண்டு ஒன்றை வைக்கச் செய்தேன். கம்பி வலை மேல் மூட்டையை வைத்துக் கிழித்தால் பொடி கீழே விழும். எழும் தூசியை மின்விசிறி உள்ளே இழுத்து, துணிப்பைகள் வழியே காற்றை மட்டும் வெளியே விடும். பையில் படிந்த தூசியை அழுத்தக் காற்று அவ்வப்போது உதறித் தொட்டியிலேயே தள்ளிவிடும். அந்தப் பையில் படியும் தூசியும் ஒரு கேக்தான். அதன் வழியே போகும் காற்றுக்கும் டார்சி கணக்கே பொருந்தும். எப்போது உதறவேண்டும் என்று சொல்ல அங்கேயும் ஒரு மானோமீட்டர்! அதைப் பார்க்கும்போதெல்லாம் டிஜோன் மருத்துவமனையில் ஆடிய பாதரசம் எனக்கு நினைவுக்கு வரும்.

மாணவச் செல்வங்களே, சூத்திரத்தை மனப்பாடம் செய்யுங்கள், மதிப்பெண் வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் டார்சி முதலில் ஊரின் தாகத்தைப் பார்த்தார். அப்புறம்தான் மணலை அளந்தார். நான் முதலில் நேரத்தை அளந்தேன். மூட்டை கொட்டியவரைத் தாமதமாகத்தான் பார்த்தேன். நீங்கள் அந்த வரிசையை மாற்றிவிடாதீர்கள். என் வகுப்புத் தோழர்களே, விழாவன்று சந்திப்போம். அவரவர் தொழிலில் அளக்க மறந்ததை அன்று மனம்விட்டுப் பேசுவோம்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் நட்பு!