மாண்டிசோரி முறை முதலில் யாருக்காகப் பிறந்தது?

புதுச்சேரி - கடலூர் சாலையில் தவளக்குப்பம் பஸ் ஸ்டாப். இரண்டரை வயது மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா டவுனுக்குப் போகும் பஸ்ஸுக்கு நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பையனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எப்போதாவதுதான் திரும்பிப் பார்க்கிறான். அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார், தானா வந்துடும் என்று சொந்தக்காரர்கள் சமாதானம் சொல்கிறார்கள். டாக்டரோ காத்திருக்க வேண்டாம், உடனே தெரபியைத் தொடங்குங்கள் என்கிறார்.

தெரபி அறைக்குள் போனால் பெரிய மெஷின் எதுவும் இல்லை. வடிவங்களைப் பொருத்தும் மரப்பலகை, மணி கோக்கும் கயிறு, பட்டன் போட்டுப் பழகும் துணிச் சட்டம், விரலால் தடவிப் பார்க்கும் சொரசொரப்பான எழுத்துகள். இதுக்கா வாரம் மூன்று நாள் அலையறோம் என்று எந்தப் பெற்றோருக்கும் தோன்றும்.

விளையாட்டுச் சாமான் போலத் தெரியும் இந்தப் பொருள்களுக்கு சுமார் 200 ஆண்டு வரலாறு உண்டு. அதில் முக்கியமான ஒருவர் மரியா மாண்டிசோரி. இன்று அவர் பெயரைக் கேட்டால் ஃபீஸ் அதிகமான பிளே ஸ்கூல்களின் போர்டுதான் நினைவுக்கு வருகிறது. ஆனால், அந்த முறையின் வேர் இருப்பது வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளிடம்தான்.

காப்பகத்தில் எழுந்த கேள்வி

இத்தாலியின் கியாரவல்லே ஊரில் 1870 ஆகஸ்ட் 31-ல் பிறந்தவர் மாண்டிசோரி. 1896-ல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் வாங்கினார். இத்தாலியில் பெண் டாக்டர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்றிருந்த காலம் அது.

பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவப் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்தவர், நகரத்து மனநலக் காப்பகங்களுக்குப் போய்வந்தார். அறிவு வளர்ச்சி குறைந்தவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட குழந்தைகள், பெரியவர்களோடு சேர்த்து அங்கே அடைக்கப்பட்டிருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் சில குழந்தைகள் தரையில் கிடந்த ரொட்டித் துணுக்குகளைத் தேடிப் பொறுக்கினார்கள் என்றும், காப்பாளர் அதைப் பேராசை என்று அருவருத்தார் என்றும் ஒரு சம்பவம் சொல்லப்படுகிறது. மாண்டிசோரி கவனித்தது வேறு. அந்த அறையில் தொட, பிடிக்க, உருட்ட ஒரு பொருள்கூட இல்லை. ரொட்டித் துணுக்குதான் அவர்களுக்குக் கிடைத்த விளையாட்டுப் பொருள்.

இது மருந்தால் தீரும் விஷயத்தைவிட, கற்றுக்கொடுப்பதால் மாறும் விஷயம் என்ற முடிவுக்கு அந்த டாக்டர் வந்தார்.

இரண்டு பிரெஞ்சுக்காரர்கள்

விடை தேடியபோது இரண்டு பழைய பிரெஞ்சுக்காரர்களின் எழுத்து அவர் கைக்குக் கிடைத்தது. முதலாமவர் டாக்டர் ழான் இட்டார். 1800-ல் தெற்கு பிரான்ஸின் அவெரோன் பகுதியில், காட்டில் தனியாக வளர்ந்ததாகக் கருதப்பட்ட சிறுவன் ஒருவன் பிடிபட்டான். விக்டர் என்று பெயர் வைத்து, பாரிஸில் சில ஆண்டுகள் அவனுக்குப் பயிற்சி கொடுத்தார் இட்டார். பார்வை, தொடுதல், கேட்டல் என்று ஒவ்வொரு புலனாகப் பழக்கினார். விக்டர் பல விஷயங்களைக் கற்றுக்கொண்டான். பேச்சு மட்டும் கடைசி வரை சரியாக வரவில்லை.

இரண்டாமவர் இட்டாரின் வழிவந்த எதுவார் செகுவின். அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கெனத் தனிப் பயிற்சி முறையையும் அதற்கான சாமான்களையும் உருவாக்கினார். இந்தியாவில் குழந்தையின் வளர்ச்சியை மதிப்பிடும் சைக்காலஜிஸ்ட்டுகள் இன்றும் ஒரு மரப்பலகையைப் பயன்படுத்துகிறார்கள். 10 வடிவக் கட்டைகளை அதனதன் குழியில் பொருத்தச் சொல்லி நேரத்தைக் குறித்துக்கொள்வார்கள். அதன் பெயரே செகுவின் ஃபார்ம் போர்டு.

இந்த இருவரின் எழுத்தையும் மாண்டிசோரி தன் கைப்பட இத்தாலிய மொழியில் பெயர்த்து எழுதினார். அவசரமாகப் படித்தால் ஒவ்வொரு வார்த்தையும் மனதில் நிற்காது என்பதுதான் காரணம்.

பக்கத்தில் இல்லாத மகன்

1898-ல் டூரின் நகரில் நடந்த கல்வி மாநாட்டில், இந்தக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளியும் பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் வேண்டும் என்று மாண்டிசோரி வாதாடினார். அதே ஆண்டு மார்ச்சில் அவருக்கு ஒரு மகன் பிறந்திருந்தான். பெயர் மரியோ. தந்தை, அவரோடு பணியாற்றிய டாக்டர் ஜுசெப்பே மான்டெசானோ. இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. விஷயம் வெளியே தெரிந்தால் அந்தக் கால இத்தாலியில் அவருடைய தொழில் அதோடு முடிந்துவிடும். குழந்தையை கிராமத்தில் ஒரு குடும்பத்திடம் வளரக் கொடுத்தார்கள். மாண்டிசோரி அவ்வப்போது போய்ப் பார்த்துவந்தார். தான் யார் என்று சொல்லவில்லை. சுமார் 15 வயதில்தான் மரியோ அம்மாவோடு வந்து சேர்ந்தார். அதன் பிறகும் பல ஆண்டுகள் வெளியாருக்கு அவர் உறவுக்காரப் பையன்தான்.

ஊரார் குழந்தைகளுக்காக ஓடிய ஒருவருக்குத் தன் குழந்தையின் முதல் சொல்லைக் கேட்கக் கொடுத்து வைக்கவில்லை.

தைக்க வராத சிறுமி

1900-ல் ரோமில் வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. மாண்டிசோரியும் மான்டெசானோவும் இயக்குநர்கள். பகல் முழுவதும் குழந்தைகளோடு இருந்துவிட்டு, இரவில் அன்று பார்த்ததை எழுதி வைத்தார் மாண்டிசோரி.

அவரிடம் பயின்ற 11 வயதுச் சிறுமி ஒருத்திக்கு ஊசி நூல் வேலை எவ்வளவு சொல்லிக்கொடுத்தும் வரவில்லை. மாண்டிசோரி ஊசியை ஓரமாக வைத்துவிட்டு, காகிதப் பட்டைகளை மேலும் கீழுமாகக் கோத்துப் பின்னும் வேலையைக் கொடுத்தார். அது கைவந்த பிறகு மறுபடி ஊசியைக் கொடுத்தால், சிறுமி தைத்தாள். அதாவது, ஒரு வேலை வரவில்லை என்றால் அதையே திரும்பத் திரும்பத் திணிக்கக் கூடாது. அந்த வேலைக்குத் தேவையான கை அசைவை வேறொரு எளிய வேலையில் முதலில் பழக்க வேண்டும்.

இன்றைய ஆக்குபேஷனல் தெரபியிலும் இதே யோசனை இருக்கிறது. பென்சில் பிடிக்க வேண்டிய குழந்தைக்கு முதலில் மாவு பிசையவும் மணி கோக்கவும் கொடுப்பது இதனால்தான்.

அங்கே படித்த சில குழந்தைகள், மற்ற குழந்தைகள் எழுதும் அரசுத் தேர்வையே எழுதித் தேறினார்கள். ஊரே வியந்தது. மாண்டிசோரிக்கோ வேறு கவலை: இவர்களே இவ்வளவு செய்கிறார்கள் என்றால், சாதாரணப் பள்ளிகளில் மற்ற குழந்தைகளை எப்படி முடக்கி வைத்திருக்கிறோம்?

அந்தக் கேள்வி அவரை வேறு திசைக்கு இழுத்தது. 1901-ல் அந்தப் பள்ளியை விட்டு விலகினார். 1907 ஜனவரி 6-ல் ரோமின் ஏழைப் பகுதியான சான் லொரென்சோவில் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். அங்கிருந்துதான் மாண்டிசோரி முறை உலகம் முழுக்கப் பரவியது. பரவியபோது, அது யாரிடமிருந்து வந்தது என்பது மெல்ல மறந்துபோனது.

அடையாறு முதல் கொடைக்கானல் வரை

1939-ல் பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பில், மகனோடு சென்னை அடையாறுக்கு வந்தார் மாண்டிசோரி. வயது 69. முதல் பயிற்சி வகுப்புக்கே சுமார் 300 பேர் வந்தார்கள். சில மாதங்கள் மட்டும் இருப்பதாகத்தான் திட்டம். ஆனால் 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. பிரிட்டிஷ் அரசுக்கு இருவரும் எதிரி நாட்டவர் ஆனார்கள். மரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள். மாண்டிசோரி சபை வளாகத்தை விட்டு வெளியேறத் தடை. அவருடைய 70-வது பிறந்தநாளை ஒட்டி மரியோவை விடுவித்தது அரசு.

பிறகு கொடைக்கானலில் சில ஆண்டுகள் பணி. 1946-ல் ஐரோப்பா திரும்பி, அடுத்த ஆண்டே மறுபடி இந்தியா வந்தார். பிறந்தது முதல் 6 வயது வரை, குறிப்பாக முதல் 3 ஆண்டுகளில், குழந்தையின் மனம் சுற்றியிருப்பதை எப்படி உள்வாங்குகிறது என்று பேசும் அவரது நூல் 1949-ல் வெளியானதும் அடையாறிலிருந்துதான். 1952 மே 6-ல் நெதர்லாந்தில் காலமானார். பணியைத் தொடர்ந்தவர் மரியோ.

இன்றைய பெற்றோருக்கு என்ன இருக்கிறது?

குழந்தைகளின் குறைபாடுகளைச் சீக்கிரமே கண்டுபிடிக்க, 2013-ல் ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்த்ய காரியக்ரம் என்ற தேசியத் திட்டம் தொடங்கியது. அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இரு முறை மருத்துவக் குழு பரிசோதிக்க வேண்டும், தேவைப்பட்டால் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. சந்தேகம் இருந்தால் அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்கலாம். தனியார் பிளே ஸ்கூல் ஃபீஸ் கட்டித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்றில்லை.

தெரபி எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று மாண்டிசோரியின் கதை சொல்லவில்லை. விக்டர் கடைசி வரை பேசவில்லை. ஆனால் அவனுக்காக யோசித்த பயிற்சிகள்தான் செகுவின் வழியாக, மாண்டிசோரி வழியாக, இன்றைய தெரபி அறைகள் வரை வந்திருக்கின்றன.

பக்கத்து வீட்டுக் குழந்தை இந்நேரம் என்ன செய்கிறது என்று பார்ப்பதைவிட, நம்ம குழந்தை போன மாதம் செய்யாத எதை இந்த மாதம் செய்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். ரோமில் ஒவ்வோர் இரவும் மாண்டிசோரி செய்ததும் அதைத்தான். அடுத்த முறை தெரபிக்குப் போகும்போது அந்த நோட்டையும் பையில் எடுத்துவைத்தால், தெரபிஸ்ட்டுக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.