புனித அகஸ்டின்: குற்ற உணர்விலிருந்து இறையருளுக்கு

கி.பி. 430-ஆம் ஆண்டு. வட ஆப்பிரிக்காவின் கடற்கரை நகரமான ஹிப்போவை வாண்டல் படைகள் முற்றுகையிட்டிருந்தன. நகருக்குள் 75 வயதான ஆயர் ஒருவர் காய்ச்சலுற்றுப் படுக்கையில் கிடந்தார். பாவத்திற்காக மனம் வருந்தி இறைவனை வேண்டும் திருப்பாடல்களை எழுதச் செய்து, தம் கண்ணில் படுமாறு சுவரில் வைத்திருந்தார். அவற்றைப் படித்துப் படித்துக் கண்ணீர் பெருக்கினார். மருத்துவரும் உணவு கொண்டுவருபவரும் தவிர வேறு எவரும் அறைக்குள் வரவேண்டாம் என்று இறுதிப் பத்து நாட்களும் கேட்டுக்கொண்டார். அவர்தான் புனித அகஸ்டின். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தூய வாழ்க்கை வாழ்ந்த அவர் ஏன் அழுதார்? அதை அறிய அவரது இளமைக்குச் செல்ல வேண்டும்.

புலன்களின் பிடியில்

இன்றைய அல்ஜீரியாவில் உள்ள தகாஸ்தே என்னும் சிற்றூரில் 354 நவம்பர் 13-ஆம் நாள் அகஸ்டின் பிறந்தார். தாய் மோனிக்கா ஆழ்ந்த கிறிஸ்தவ பக்தை. தந்தை பத்ரீசியுஸோ தம் இறுதிக் காலத்தில்தான் அச்சமயத்தைத் தழுவினார். உயர்கல்விக்காகக் கார்த்தேஜ் நகருக்குச் சென்ற அகஸ்டின், திருமணமின்றியே ஒரு பெண்ணுடன் வாழத் தொடங்கினார். அவர்களுக்கு ஒரு மகன் பிறந்தான். இறைவனால் அளிக்கப்பட்டவன் என்ற பொருளில் அவனுக்கு அதேயோதாத்துஸ் என்று பெயரிட்டனர்.

பத்தொன்பதாம் வயதில் சிசரோவின் நூல் ஒன்றைப் படித்தபோது அவருக்குள் மெய்ஞ்ஞான தாகம் எழுந்தது. ஒளிக்கும் இருளுக்கும் நடக்கும் போராட்டமே உலகம் என்று போதித்த மானி என்பவரின் சமயத்தில் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் இருந்தார். மனிதனின் பாவத்திற்கு அவனுள் இருக்கும் வேறொரு தீய இயல்பே காரணம் என்னும் அக்கொள்கை, அவரது குற்ற உணர்வுக்குத் தற்காலிக மருந்தாக இருந்தது. பிறர்மீது பழி போடுவதைவிடத் தன் இயல்பின்மீதே பழி போட்டுத் தப்புவது இன்னும் எளிதல்லவா?

384-இல் மிலான் நகரில் சொல்லாட்சிக் கலைப் பேராசிரியராக அவர் அமர்ந்தார். அங்கு ஆயர் அம்புரோஸின் அருளுரைகள் அவரது அறிவின் ஐயங்களை ஒவ்வொன்றாக அகற்றின. ஆனால் அறிவு தெளிந்தும் மனம் பணியவில்லை.

பெயரறியாப் பெண்

பதவியில் உயர, நல்ல குடும்பத்தில் மணமுடிப்பது அவசியம் என்று கருதப்பட்டது. மோனிக்காவின் முயற்சியால் திருமணத்திற்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணுக்கு உரிய வயது வர இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. இதற்கு இடையூறாக இருந்த துணைவி ஆப்பிரிக்காவிற்குத் திருப்பியனுப்பப்பட்டாள். பத்தாண்டுகளுக்கும் மேலாக உண்மையாக உடன் வாழ்ந்த அவள், இனி வேறு ஆடவனை நாடுவதில்லை என்று விரதம் பூண்டு, பெற்ற மகனையும் விட்டுச் சென்றாள். அகஸ்டினோ இரண்டு ஆண்டுகள் காத்திருக்க இயலாமல் மற்றொரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டார். அவளது உறுதிக்கு முன் தம் பலவீனம் எத்தகையது என்பதை அவர் மறக்கவேயில்லை. அவளுடைய பெயரை அவர் எங்கும் எழுதவில்லை.

386-இல், எகிப்தின் துறவி அந்தோனியாரின் வாழ்வைப் பற்றி நண்பர் ஒருவர் கூறக் கேட்டார். கல்வியறிவற்ற எளியவர்கள் விண்ணுலகைக் கைப்பற்ற, கற்ற தாம் சேற்றில் உழல்கிறோமே என்ற வேதனை அவரைத் தோட்டத்திற்கு விரட்டியது. அத்திமரத்தடியில் விழுந்து அழுதபோது, எடுத்துப் படிக்குமாறு கூறும் ஒரு குழந்தையின் குரல் கேட்டது. புனித பவுலின் திருமுகத்தைத் திறந்தார். சிற்றின்ப வாழ்வை விட்டுக் கிறிஸ்துவை அணியுமாறு கூறும் பகுதி கண்ணில் பட்டது. தம் முயற்சியால் அறுக்க முடியாத தளை இறையருளால் அறுந்ததை அவர் உணர்ந்தார். 387-இல் ஈஸ்டர் திருநாளின்போது, மகனுடனும் நண்பர் அலிப்பியுஸுடனும் அம்புரோஸிடம் திருமுழுக்குப் பெற்றார். அதே ஆண்டில் மோனிக்கா காலமானார். சில ஆண்டுகளில் மகனும் இளமையிலேயே மறைந்தான்.

மன்னிப்புப் பெற்றவரின் பணி

391-இல் குருவாகவும் பின்னர் ஆயராகவும் ஹிப்போவில் பணியேற்ற அகஸ்டின், 397 முதல் எழுதிய ‘ஒப்புதல்கள்’ நூலில் தம் வீழ்ச்சிகளை மறைக்காமல் இறைவன் முன் வைத்தார். மன்னிப்பு தமக்குக் கிடைத்துவிட்டது என்பதற்காகத் தம் பிழையைச் சிறிதாக்கிக் காட்டவில்லை. திருமணத்தைப் பற்றி 401-ஆம் ஆண்டளவில் எழுதிய நூலில், செல்வமும் அந்தஸ்தும் உள்ள வேறொருத்தி கிடைக்கும்வரை ஒரு பெண்ணுடன் வாழும் ஆடவன் உள்ளத்தால் விபசாரம் செய்தவனே என்று தீர்ப்பளித்தார். அவனுக்கு உண்மையாக இருந்து, பிறகும் வேறு ஆடவனை நாடாத பெண்ணை அவ்வாறு அழைக்க அவர் தயங்கினார். தம் பெயரைக் குறிப்பிடாவிடினும், அது அவர் தமக்கே எழுதிக்கொண்ட தீர்ப்பு எனலாம். மனைவியிடம் எதிர்பார்க்கும் கற்பைக் கணவனும் காக்க வேண்டும் என்று ஆடவர்களைக் கண்டித்து அவர் உரையாற்றினார்.

410-இல் ரோம் நகரம் சூறையாடப்பட்டபோது பல பெண்கள் பலவந்தத்திற்கு ஆளாயினர். ‘இறைவனின் நகரம்’ என்னும் பெருநூலின் தொடக்கத்திலேயே அகஸ்டின் அவர்களுக்காக வாதாடினார். கற்பு மனத்தின் அறம். மனம் இசையாதபோது பிறர் செய்த கொடுமை அதைக் கெடுக்காது. ஆகவே அவர்கள் தங்களைக் குற்றவாளிகளாகக் கருதவோ உயிரை மாய்த்துக்கொள்ளவோ கூடாது என்று விளக்கினார். குற்றம் செய்தவன் அதை உணர வேண்டும். செய்யாதவர்மீது அதைச் சுமத்தலாகாது என்பதில் அவர் தெளிவாக இருந்தார்.

ஆதிமனிதனின் பாவம் பிறப்பின் வழியே அனைவரையும் தொடர்கிறது என்றும், இணைவிழைச்சில் கட்டுக்கடங்காமல் எழும் இச்சை அதன் அடையாளம் என்றும் அவர் போதித்தார். இதை அவர் காலத்திலேயே எக்லானத்தின் ஆயர் ஜூலியன் கடுமையாக எதிர்த்தார். இல்லறத்தாரின் உள்ளத்தில் தேவையற்ற அச்சத்தை இக்கொள்கை விதைத்தது என்று பிற்கால அறிஞர் பலரும் கருதினர். எனினும் திருமணம் நன்மையானது என்பதை அகஸ்டின் ஒருபோதும் மறுக்கவில்லை.

430 ஆகஸ்ட் 28-ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். இறுதியில் அவர் சிந்திய கண்ணீர் நம்பிக்கை இழந்தவரின் கண்ணீர் அன்று. மன்னிப்பை நம்பாதவன் தன் பாவத்தை மறைக்கிறான், அல்லது அதிலேயே மூழ்கிப்போகிறான். மன்னிப்பை நம்புபவனோ தன் பாவத்தை நேருக்கு நேர் பார்த்து அழ முடிகிறது. அழுதபின் எழுந்து, தன்னால் துன்புற்றவர்களின் பக்கம் நின்று பேசவும் முடிகிறது. அகஸ்டினின் வாழ்க்கை சாதகர்களுக்கு உணர்த்துவது இதுவே.