நயினாப் பிள்ளையின் நிறைமேடை

நம் உத்திரமேரூருக்கு அண்மையிலுள்ள காஞ்சிமாநகரில் 1889ஆம் ஆண்டு பிறந்தவர் இசைப்பேரறிஞர் நயினாப் பிள்ளை. இயற்பெயர் சுப்பிரமணியம். தாயார் காமாட்சி அம்மாளும் தாயாரின் உடன்பிறந்தாரான தனகோடி அம்மாளும் பாடலில் புகழ்பெற்றவர்கள். இசை மணக்கும் இல்லத்தில் வளர்ந்தும், இளமையில் உடற்பயிற்சியிலேயே நாட்டங்கொண்டிருந்த அவர், பின்னரே இசையில் முழுமையாக இறங்கினார் என்பர்.

மேனாட்டு வாத்தியக் குழுவில் எழுதிவைத்த இசைக்குறிப்பு உண்டு. கோலேந்தி நடத்துவோர் உண்டு. நயினாப் பிள்ளையின் மேடையில் இவ்விரண்டும் இல்லை. வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் எனப் பக்கவாத்தியங்கள் பல சூழ அமர்ந்திருக்கும். நீதிமன்றத்து வழக்கையொட்டி அதனை ஃபுல் பெஞ்ச் கச்சேரி என்றழைத்தனர். இத்தனை பேரையும் ஒன்றாகக் கட்டியது பாடகரின் கை போடும் தாளம் ஒன்றே.

அங்கு அமர்ந்தோர் எளியவரல்லர். கஞ்சிராவில் நிகரற்று விளங்கிய புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை போன்றோர் அவருக்கு வாசித்தனர். கடினமான தாளத்தில் பல்லவி பாடுகையில் எடுப்பு அரை அட்சரம் பிறழினும் அவையோர் அறியுமுன் பக்கத்திலிருப்போர் அறிந்துவிடுவர். தம் பிழையைக் கண்டறிய வல்லவர்களையே தேடித் தம்மருகில் அமர்த்திக்கொண்டதுதான் அவர் துணிவு. அரிய தாளங்களில் அமைந்த திருப்புகழைக் கச்சேரி மேடையில் அவர் நிலைபெறச் செய்ததும் அத்துணிவினாலேயே.

கணக்கு மிகுந்து இராகத்தின் குழைவு குறைந்தது என்ற குறையும் எழுந்தது. அதை முற்றிலும் மறுப்பதற்கில்லை. அரியக்குடி இராமானுச ஐயங்கார் வகுத்த அளவான கச்சேரி முறையே பின்னாளில் செல்வாக்குப் பெற்றது, நிறைமேடை அருகிப்போயிற்று. 1934ஆம் ஆண்டு, நாற்பத்தைந்து வயதும் நிரம்பாத நிலையில் அவர் மறைந்தார். அவர் குரல் இசைத்தட்டு வழியாகவும் நம்மை வந்தடையவில்லை.

எனினும் அவர் மறையவில்லை. மாணவர் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை அவ்வழியைக் காத்தார். காஞ்சியில் அவர் நடத்திவந்த தியாகராசர் விழாவில் ஒரு சிறுமியும் செவிகொடுத்து அமர்ந்திருந்தாள். பெண்கள் பல்லவி பாடத் தயங்கிய காலத்தில் மேடையேறிப் பல்லவி பாடிய டி.கே. பட்டம்மாள்தான் அச்சிறுமி.

அவைக்கு நெறி வகுத்துக் கல்லில் பொறித்த ஊர் நம்முடையது. பத்தாண்டு நிறையும் இவ்வேளையில், கவிதை படிக்கும் நாமும் கைதட்டுவோரை மட்டுமன்றி, நம் தாளம் தவறும் இடத்தை அறியவல்ல ஒருவரையேனும் அருகில் அமர்த்திக்கொள்வோமாக.